நிறுத்தி வைத்த இலாபம் கையிருப்புக் காசு அல்ல

திருகோணமலையில் ஆலை நடத்தும் டோக்கியோ சீமெந்துக் கம்பனியிடம் 'நிறுத்தி வைத்த இலாபம்' என்று பெருந்தொகைக் காசு கிடக்கிறது, பணிப்பாளர் சபை அதை இங்கே முதலிடாமல் பூட்டி வைத்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; பலர் பகிர்ந்தும் விட்டார்கள். ஊருக்கு வேலை வேணும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தத் தொகை காசு இல்லை. கம்பனி தொடங்கிய காலந்தொட்டு பங்கிலாபமாகக் கொடுக்காமல் தொழிலுக்குள்ளேயே விட்ட இலாபத்தின் திரட்டு அது. இப்படியான கம்பனியில் அதில் பெரும்பங்கு ஏற்கெனவே அரைவை இயந்திரமாக, கப்பலில் வந்திறங்கிய கிளிங்கராக (அரைத்துச் சீமெந்து ஆக்கும் மூலப்பொருள்), முகவர்கள் தரவேண்டிய பாக்கியாக மாறியிருக்கும்.

நீங்களே பார்க்கலாம். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனிப் பெயரைத் தட்டினால் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கும். அதில் சொத்தையும் கடனையும் காட்டும் நிதிநிலைமைக் கூற்றில், நிறுத்தி வைத்த இலாபம் உரிமையாண்மைப் பகுதியில், அதாவது பங்குதாரருக்கு உரியதைக் காட்டும் இடத்தில் நிற்கும். கையிலுள்ள காசு நடைமுறைச் சொத்துகளுக்குள் (காசும், பொதுவாக ஒரு வருசத்துக்குள் காசாகக்கூடியவையும்), வேறு வரியில். (வீட்டில் உயர்தரத்துக்குக் கணக்கீடு படிக்கிற பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை.) அந்த வருசம் காசை எதில் போட்டார்கள் என்று தெரிய, காசு வந்ததையும் போனதையும் காட்டும் காசுப்பாய்ச்சல் கூற்றில் முதலீட்டு நடவடிக்கைகளின் கீழ் ஆதனம், பொறி, உபகரணம் வாங்கிய வரியைப் பாருங்கள்.