"அந்தக் காலம் அப்படி"யாம், எந்தக் காலம்?

பழைய படத்தில் ஹீரோ பெண்ணை அறைகிற காட்சியைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், நாலு பேர் கிளம்பி வந்துவிடுகிறார்கள். "அந்தக் காலம் அப்படிங்க, இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு குறை சொல்லக் கூடாது." சரி, எந்தக் காலம்?

1939இல் வந்தது 'தியாகபூமி'. கல்கியின் கதை, கே. சுப்ரமணியம் இயக்கம். புருஷன் துரத்திவிட்ட சாவித்திரி பின்னாளில் பணக்கார உமாராணியாக வந்து நிற்கிறாள். இப்போது ஐயாவுக்குப் பெண்டாட்டி வேண்டுமாம், சேர்ந்து வாழ வரச் சொல்லி கோர்ட்டுக்குப் போகிறான். வர முடியாது, வேண்டுமானால் உனக்கு ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள் அவள். பெண்டாட்டி, புருஷனுக்கு! சுதந்திரத்துக்கு எட்டு வருஷம் முன்னாடி! (பிரிட்டிஷ்காரன் படத்தைத் தடை செய்தான்தான், ஆனால் அது காங்கிரஸ் பிரச்சாரத்துக்காக, ஜீவனாம்சத்துக்காக இல்லை.)

அதற்கு ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து 1992 பொங்கலுக்கு வந்தது 'மன்னன்'. விஜயசாந்தி ஒரு பெரிய கம்பெனியையே கட்டி ஆள்கிற சாந்திதேவி. திமிர் பிடித்த முதலாளி, தொழிலாளியை மதிக்காதவள், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் படம் திருத்த வேண்டியது முதலாளியைத்தானே? ஆனால் திருத்துவது பெண்ணை. கடைசியில் அவள் கம்பெனியை விட்டுவிட்டுக் குடும்பப் பெண்ணாக வீட்டோடு இருக்கிறாள், சுபம். இதே திமிர் ஒரு ஆண் முதலாளிக்கு இருந்திருந்தால், தொழிலாளிகளிடம் ஒரு மன்னிப்பு, கொஞ்சம் போனஸ், மறுநாள் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கும் என்பது வேறு விஷயம். ரஜினியும் கவுண்டமணியும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா டிக்கெட் வரிசையில் முண்டியடிக்கிற காட்சி வந்தால் இன்றைக்கும் சேனலை மாற்ற மாட்டேன்.

"அப்போது பெண்களே கைதட்டிப் பார்த்தார்களே" என்பார்கள். தட்டியிருக்கலாம். என் அம்மா அந்தப் படம் பார்த்துவிட்டு வந்து, "அவ்ளோ பெரிய கம்பெனிய நடத்துனவ அடுப்படிக்குப் போனா எல்லாம் சரியாயிடுமா?" என்று கேட்டார். அதை யார் எழுதி வைத்தார்கள்? விமர்சனம் எழுதியவர்கள் அம்மாவைக் கேட்டா எழுதினார்கள்?

நடுவில் 1977இல் பாலசந்தரின் 'அவர்கள்'. கொடுமைக்காரப் புருஷனும் வேண்டாம், வேறு யாரும் வேண்டாம் என்று சுஜாதா ரயிலேறுகிறார், கூடவே போகிறவர் மாமியார்! ஆக, எடுக்க முடிந்தவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'மன்னன்' டிவியில் எத்தனை தடவை ஓடியிருக்கும், 'தியாகபூமி'யோ புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. பிறகு எப்படி நமக்கு அந்தக் காலம் தெரியும்?

உடனே தடை செய், வெட்டு என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். ஒரு ஃப்ரேமைக்கூடத் தொட வேண்டாம். நான் சொல்வது, பார்க்கிறவர்களை அதட்டாதீர்கள் என்றுதான். என் அண்ணன் மகள் காலேஜில் படிக்கிறாள், 'படையப்பா' பார்க்கும்போது ஆரம்பத்திலிருந்தே நீலாம்பரி கட்சி. பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஹீரோ பாடம் எடுக்கிற இடத்தில், "இவர்கிட்ட யார் கேட்டா?" என்றாள். அண்ணனுக்கு வந்ததே கோபம், "படத்தை இப்படியெல்லாமா பார்ப்பாங்க?" என்று. ஏன், பார்த்தால் என்ன? படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருந்தது!