சாளைக்கு இருக்கிற ஐஸ் டயசோவுக்கு இல்லையா?

கன்னியாகுமரி மாவட்டத்துல சின்னமுட்டத்திலயும் குளச்சல்லயும் சாளை மீனுக்குப் பொடி ஐஸ் குவிஞ்சு கிடக்கு. அதே மாவட்டத்துக் கல்லூரி லேப்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு டயசோ பிராக்டிகல், அதாவது சூடு தாங்காத டயசோனியம் உப்பைச் செஞ்சு அதைச் சாயமாக்குற சோதனை. வாளியில பாத்தா, காலையில வாங்கின ஐஸ் உருகிப் போய் நாலு துண்டு மிதக்கு. கேட்டா, "அதான் ஐஸ் இருக்கே மக்கா!" சாளைக்குக் கிடைக்கிற மரியாதை கூட டயசோனியம் உப்புக்குக் கிடையாது.

செய்முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பாரா-புரோமோஅனிலின் 1.72 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டரை மில்லி, தண்ணீர் 10 மில்லி. சோடியம் நைட்ரைட் 0.70 கிராமை 4 மில்லி தண்ணியில கரைச்சு, 0 முதல் 5 டிகிரிக்குள்ள அந்தக் கலவையில சொட்டுச் சொட்டா விடணும்; கிடைக்கிறதுதான் டயசோ. அப்புறம் 2-நாப்தால் 1.44 கிராமை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 20 மில்லியில கரைச்சு, அதையும் ஐஸ்ல குளிரவெச்சு, டயசோவை அதுல ஊத்தணும். சிவப்புச் சாயம், முழு விளைச்சல்னா 3.27 கிராம். அவ்வளவுதான்.

ஆனா நடக்கிறது வேற. ஐஸ் கட்டி மேல பீக்கரைத் தூக்கி வைக்கிறது. கட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்து, அது எப்படி வே குளிரும்? பொடிச்ச ஐஸ்ல கொஞ்சம் தண்ணியும் ஒரு பிடி கல்லுப்பும் கலந்து கூழாக்கினா பூஜ்யத்துக்கும் கீழ இறங்கும். நம்ம மாவட்டத்துப் புத்தளத்துல உப்பளத்தை வெச்சுக்கிட்டு உப்புக்குமா பஞ்சம்? தெர்மாமீட்டரோ, பீக்கருக்குள்ள நிக்காம வாளியில நிக்கும். வாளி 3 டிகிரி, கரைசல் 14. ரெக்கார்டுல மட்டும் எல்லாருக்கும் அச்சடிச்ச மாதிரி 0–5.

நைட்ரைட்டை ஒரே மடக்குல கவிழ்க்கிறவங்களுக்குத் தனிக் கும்பிடு. இந்த வினை சூட்டைக் கக்கும். கரைசல் சூடேறினா டயசோனியம் நைட்ரஜனை விட்டுட்டு பாரா-புரோமோஃபீனாலா மாறும். குமிழ் வருதுன்னு சந்தோஷப்படாதீங்க, உங்க விளைபொருள்தான் காத்தாப் போகுது. அந்த ஃபீனாலும் காரத்துல மிச்ச டயசோவோட சேர்ந்து பழுப்புப் பிசினாகும். புனல்ல ஒட்டிக்கிட்டு வராது, அசிட்டோன் விட்டுத் தேய்க்கணும்.

புரோமோஅனிலினுக்கு இன்னொரு குணம் உண்டு. அதோட ஹைட்ரோகுளோரைடு குளிர்ந்த அமிலத்துல நல்லா கரையாது. முதல்ல லேசா சூடாக்கிக் கரைச்சு, கலக்கிக்கிட்டே சட்டுனு குளிரவெச்சா மாவு மாதிரி பொடியா விழும், நைட்ரைட் அதைச் சுலபமா பிடிச்சுக்கும். பெரிய கட்டியா உறையவிட்டா உள்ளே இருக்கிறது அப்படியே நிக்கும். அமிலத்தைச் சிக்கனம் பண்ணினா, மாறாம மிச்சமிருக்கிற புரோமோஅனிலின் டயசோவோடயே சேர்ந்து மஞ்சளா டயசோஅமினோங்கிற வேற வீழ்படிவு தரும். அதையும் சாயம்னு சொல்லி வடிகட்டிக் காட்டுறாங்க!

நைட்ரைட் பாட்டில் கதையைக் கேக்கவே வேண்டாம். ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊரு, மூடி ஒழுங்கா இறுக்காது, உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கல்லாகிக் கிடக்கும். அதை எடை போட்டா பாதி தண்ணிதான். நைட்ரைட் விட்ட டயசோ கரைசல்ல ஒரு சொட்டை ஸ்டார்ச்-அயோடைடு தாள்ல வெச்சு, உடனே நீலக்கறுப்பா மாறுதான்னு பாத்தா, நைட்ரைட் போதுமான்னு தெரியும். அந்தத் தாளையும் அஞ்சு வருஷமா ஜன்னல் ஓரத்துல வெயில் காயப் போட்டிருப்பாங்க. நைட்ரைட் கூடிப்போச்சுன்னா யூரியா கொஞ்சம் போட்டா அடங்கும். யூரியாவுமா கிடைக்காது இந்த ஊர்ல?

கடைசியா, மிஞ்சின டயசோவை பாட்டில்ல ஊத்தி மூடி, "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு போறாங்க பாருங்க! உள்ளே நைட்ரஜன் சேர்ந்து மூடி தெறிக்கும். டயசோனியம் உப்பு காய்ஞ்சா வெடிக்கக் கூடியது. கிளம்புறதுக்கு முன்னாடி அதையும் நாப்தால் கரைசல்ல ஊத்திச் சாயமாக்கிட்டுப் போங்க. அடுத்த பேட்சுக்கு, மீன்காரர் கிட்ட இருக்கிற மாதிரி ஒரு தெர்மகோல் பெட்டி நிறைய பொடி ஐஸ், ஒண்ணரை மணிக்கு வந்து இறங்கணும், காலையில எட்டு மணிக்கு இல்ல.