பிளேயரை மாற்றினால் பாட்டு மாறுமா?

நெருங்கிய நண்பர் ஒருவர் காசு கொடுத்து ஒரு மியூசிக் பிளேயர் சாஃப்ட்வேர் வாங்கினார். கணினியில் போட்டுக் கேட்டுவிட்டு அன்றிரவே போன். "குரல் முன்னாடி வந்து நிக்குதுப்பா, மிருதங்கத்துல இடது பக்கத் தொப்பி தனியா கேக்குது." அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்டது. ஆனால் அதற்குக் காரணம் அந்த சாஃப்ட்வேர் இல்லை.

சிடியிலிருந்து எதையும் இழக்காமல் சுருக்கி எடுத்த ஃபிளாக் (FLAC) கோப்பை எந்த ஒழுங்கான பிளேயரில் திறந்தாலும் சிடியில் இருந்த அதே எண்கள்தான் வெளியே வரும், 16 பிட்டில், நொடிக்கு 44,100 தடவை. இதில் ஒரு பிளேயர் கூட்டல் கணக்கை 'இனிமையாக' போடுவதற்கு இடமே கிடையாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வால்யூமிலிருந்து. ஒரு டெசிபல் கூடினால் 'சத்தம் கூடிவிட்டது' என்று காதுக்குத் தோன்றாது, 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். நண்பரின் பழைய பிளேயரில் ரீப்ளேகெயின் போட்டு வைத்திருந்தார், அது பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்த ஒலியைக் குறைத்துக்கொண்டிருந்தது. புதியதில் அது இல்லை, அவ்வளவுதான் சங்கதி.

இன்னொன்று விண்டோஸ். எல்லா செயலிகளின் சத்தத்தையும் கலந்து அனுப்பும்போது, செட்டிங்கில் நொடிக்கு 48,000 என்று இருந்தால் 44,100 பாட்டையும் அதற்கு மாற்றிவிடும். வாசாபி எக்ஸ்க்ளூசிவ் (WASAPI) அல்லது ஏசியோ (ASIO) என்ற நேர்வழிகளில் அனுப்பினால் இந்தக் கலவையைத் தாண்டி எண்கள் அப்படியே, அவற்றை ஒலி சிக்னலாக மாற்றும் டேக்குக்கு (DAC) போகும். இது செட்டிங் விஷயம், இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 என்ற பிளேயரிலும் செய்யலாம். அதை உருவாக்கியவர்களே மற்ற பிளேயர்களைவிட இது நன்றாக ஒலிக்கும் என்று சொல்லிக்கொள்வதில்லை, அந்த நேர்மைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். இரண்டிலும் ரீப்ளேகெயின், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்து, இரண்டையும் எக்ஸ்க்ளூசிவில் வைத்து, அவரைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். எதைப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் காசு சுண்டிப் பார்த்து 16 முறை போட்டேன். 9 முறை சரியாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக 8 வரும். 12 வந்திருந்தால் நான் வாயை மூடியிருப்பேன், ஏனென்றால் வெறும் ஊகத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட நூற்றில் நான்கு வாய்ப்புகூடக் கிடையாது.

இதைச் சொன்னால் 'உனக்குக் காது இல்லை' என்று கோபப்படுகிறார்கள். அந்தப் பணத்தை நல்ல ஹெட்போனில் போட்டால் வித்தியாசம் வீட்டில் யாருக்கும் கேட்கும், அந்த ஆதங்கத்தில்தான் சொல்கிறேன்.

அப்புறம், பிளேயருக்குப் பிளேயர் உண்மையாகவே மாறும் ஒன்று இருக்கிறது. கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள், ஆனால் தம்புரா நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். டிராக்குகளை இடைவெளி விடாமல் ஒட்டிப் போடும் கேப்லெஸ் வசதி இல்லாத பிளேயரில் அந்த இடத்தில் சுருதி ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டும். நண்பர் வாங்கிய பிளேயரில் அது அறுகிறது, பழையதில் அறுந்ததே இல்லை.