ரஷ் லிம்பாவும் 'சம நேரச் சட்டமும்': பரவும் தகவல் தவறு

"வானொலியில் இரு கட்சிகளுக்கும் சம நேரம் தரும் சட்டத்தை அதிபர் ரேகன் ரத்து செய்தார், அதனால்தான் வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் அரசியல் பேச்சு நிகழ்ச்சி அமெரிக்கா முழுக்க ஒலித்தது" என்று பரவும் தகவல், இரண்டு விதிகளைக் குழப்புகிறது.

1987 ஆகஸ்டில் கைவிடப்பட்டது, 1949-இல் வந்த நியாயக் கொள்கை. அது நிமிடக் கணக்குப் பார்க்கவில்லை. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் நிலையம் இடம் தர வேண்டும். அதே நிகழ்ச்சியில்தான் என்றில்லை. கைவிட்டது, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். அதற்கு முன், ஜூனில், இக்கொள்கையைச் சட்டமாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ரேகன் நிராகரித்தார். அவர் பங்கு அதுதான். 'சம நேரம்' என்று சொல்லப்படுவது வேறொரு விதி: சம வாய்ப்பு விதி (1934 தகவல்தொடர்புச் சட்டம், பிரிவு 315). அது தேர்தல் வேட்பாளர்களுக்கானது, இன்றும் அமலில் உள்ளது.

லிம்பாவின் தேசிய ஒலிபரப்பு 1988 ஆகஸ்டில் தொடங்கியது. கொள்கை போனது அதற்கு உதவியது உண்மையே: ஒருசார்புப் பேச்சை மணிக்கணக்கில் ஒலிபரப்ப நிலையங்களுக்கு இருந்த தயக்கம் நீங்கியது. ஆனால் சாக்ரமெண்டோ நிலையத்தில் 1984 முதலே, கொள்கை அமலில் இருந்தபோதே, அவர் பேசிவந்தார். இசை பண்பலைக்குப் (எஃப்எம்) போய்விட, மத்திய அலை (ஏஎம்) நிலையங்களுக்குப் புதிய சரக்கு தேவைப்பட்டது. பணத்துக்குப் பதில், தங்கள் விளம்பர நிமிடங்களில் சிலவற்றை நிகழ்ச்சியை வழங்கியவர்களுக்குக் கொடுத்தே அவை லிம்பாவின் நிகழ்ச்சியைப் பெற முடிந்தது. இந்த ஏற்பாட்டைப் பரவும் தகவல் சொல்வதே இல்லை.