படத்தில் ரெண்டு வண்டி, அபராதம் மட்டும் எனக்கா?

78 கிலோமீட்டர் வேகத்தில் போனேனாம். இ-சலானில் இருப்பது இவ்வளவுதான்: என் வண்டி எண், தேதி, நேரம், 78 என்ற எண், 1,000 ரூபாய் அபராதம், மங்கலாக ஒரு படம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் என் காரை ஒட்டி வலது பக்கம் ஒரு ஆம்னி பஸ் பாதி தெரிகிறது, என்னை முந்திக்கொண்டிருக்கிறது. அந்த 78 யாருடைய வேகம்? இதைக் கேட்கத்தான் நேரில் போனேன். "மெஷின் பொய் சொல்லாது சார், கட்டிட்டுப் போங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

மெஷின் பொய் சொல்லாது, சரி. எந்த வண்டியை அளந்தது என்றாவது சொல்ல வேண்டாமா? ரேடார் கேமரா என்றால் 24 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலையை அனுப்பும், எதிரே வருகிற வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் கூடியிருக்கும், 60 கி.மீ. வேகத்துக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய 2,680 ஹெர்ட்ஸ். பிளஸ் டூ இயற்பியலில் படித்த டாப்ளர் விளைவுதான், அந்தக் கணக்கோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் ரேடார் அலை போகப் போக விரிந்து பக்கத்து லேனையும் சேர்த்துப் பிடிக்கும், பஸ் மாதிரிப் பெரிய தகரச் சுவர் காரைவிட நிறையத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு வண்டியையும் லேன் வாரியாகத் தனித்தனியே தொடர்கிற புது ரேடார்கள் இருக்கின்றன. லேசர் கருவி என்றால் 100 மீட்டர் தூரத்தில் அதன் ஒளிக்கற்றை சுமார் 30 சென்டிமீட்டர் அகலம்தான், ஒரு வண்டியைக் குறிவைத்து அடிக்கலாம். அங்கே இருந்தது அப்படி ஒன்று என்றால் ஒத்துக்கொள்கிறேன். பழைய சாதாரண ரேடார் என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? எது என்று சலானிலும் இல்லை, கேட்டாலும் பதில் இல்லை.

சாய்கோணத்தில் நின்று அளந்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும், உனக்கு லாபம்தானே என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். உண்மைதான், 20 டிகிரி சாய்ந்தால் 60 என்பது சுமார் 56 ஆகிவிடும். ஆனால் கம்பத்தில் நிரந்தரமாக மாட்டிய கருவிக்கு அந்தக் கோணத்தை முன்கூட்டியே பதிந்து, குறையும் வேகத்தைக் கூட்டித்தான் காட்டுவார்கள். பதிந்த கோணம் ஒன்று, மாட்டிய கோணம் வேறொன்று என்றால் எண் மேலேயும் போகும். அதற்குத்தானே பரிசோதனை வேண்டும் என்கிறேன்!

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். கருவி சரியாக வேலை செய்கிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரியின் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கும் இடத்துக்கு முன்னால் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வேண்டும். ரேடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற எடையளவு விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கறிக்கடைத் தராசில் முத்திரை இல்லை என்றால் கடைக்காரருக்கு அபராதம் போடுகிற அரசு, தன் கையில் இருக்கிற கருவியின் முத்திரையைக் காட்ட ஏன் இப்படி யோசிக்கிறது?

பிரிட்டனில் காட்சோ என்ற வேகக் கேமரா அரை நொடி இடைவெளியில் ரெண்டு படம் எடுக்கும், சாலையில் அளந்து போட்ட வெள்ளைக் கோடுகளும் அந்தப் படங்களில் இருக்கும். 60-இல் போகிற வண்டி அரை நொடியில் 8.3 மீட்டர் நகரும், 78-இல் போனால் 10.8 மீட்டர். ரேடார் என்ன சொன்னாலும், கோடுகளை எண்ணி அது சரியா என்று பார்த்துவிடலாம். இங்கே ஒரே படம், அதுவும் மங்கல்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு நான் எதிரி இல்லை. அந்த ஆம்னி பஸ் போன போக்குக்கு அதைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பான ஆளுக்குச் சலான் போனால் வேகமாகப் போனவன் நாளைக்கும் அப்படியேதான் போவான்.

மறுப்பு மனு போட்டிருக்கிறேன். என்ன வகைக் கருவி, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், இவைதான் நான் கேட்டவை. அதைக் காட்டி அந்த 78 என்னுடையதுதான் என்றால் அன்றைக்கே 1,000 ரூபாயைக் கட்டுகிறேன், அதுவரை கட்டமாட்டேன்.