"யாருடி அந்தப் பையன்?"

தன் கையில் தானே காயம் செய்துகொண்ட மாணவியின் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்தால், பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். அடுத்து கைப்பேசி பிடுங்கப்படும். "சீன் போடுறா" என்று ஒரு அடியும் விழும். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நானும் இதையே கேட்டவள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சீருடை ஓவர்கோட்டின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் நின்றாள். காதல் எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பில் படித்தபோது உறவினர் ஒருவர் செய்ததை வீட்டில் சொன்னதற்கு, வாயிலேயே அடி வாங்கியிருக்கிறாள். "அந்த நெனப்பு வந்தா தலைக்குள்ள ஒரே சத்தமா இருக்கும் மிஸ். இப்படிச் செஞ்சா கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் என் மேலயே அருவருப்பா இருக்கும்."

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசியதில், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. (அந்தப் பதின்மூன்றில் தமிழ்நாடு இல்லை. அதில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை.)

சொல்ல வழியில்லாத குழந்தை, நடந்ததற்குத் தானே காரணம் என்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் பதின்ம வயதில் தன்னையே தண்டித்துக்கொள்ளும் பழக்கமாகத் திரும்புகிறது. பாலியல் வன்முறைக்கு மட்டுமல்ல, "நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்று நாள்தோறும் காதில் விழும் சொல்லுக்கும் இதில் பங்குண்டு. காயம் செய்துகொள்ளும் பிள்ளைகள் அனைவரும் வன்முறைக்கு ஆளானவர்கள் அல்லர். ஆளானவர்கள் அனைவரும் இப்படிச் செய்வதும் இல்லை. ஆனால் காரணத்தைக் கேட்காமலே நாம் கொடுக்கும் அடி, பழைய அடியின் மேல் விழக்கூடும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று தயங்கியவர்கள் அன்றும் இருந்தார்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மனநல உதவிக்கு இப்போது 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்தது 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மட்டும்தான். அழைத்தேன். எதிர்முனையில் பேசிய பெண் முதலில் கேட்டது, "பிள்ளை இப்போ பாதுகாப்பா இருக்காளா மேடம்?"