சிறிய அறையில் ஜெரமி மொன்டெய்ரோ

பிடித்த இசைக்கலைஞரை எவ்வளவு பெரிய அரங்கில் கேட்கிறோமோ அவ்வளவு பெரிய அனுபவம் கிடைக்கும் என்ற எண்ணம் சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. திரைப்பாடகர்கள் வரும்போது 12,000 பேர் அமரக்கூடிய உள்ளரங்கு விளையாட்டரங்கம் நிரம்பி வழிகிறது. பாடுபவரின் முகத்தை மேடையோரத்துப் பெருந்திரையில் பார்த்துவிட்டு, நேரில் கேட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகிறோம். அந்த மகிழ்ச்சியும் உண்மையானதே. ஆனாலும் ஜாஸ் பியானோவை, அதிலும் பல ஆண்டுகளாக நேசித்துக் கேட்டுவரும் ஒருவரின் வாசிப்பை, அறுபது எழுபது பேருக்கு மேல் கொள்ளாத ஓர் அறையில் கேட்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை என்பதே என் கருத்து. அண்மையில் நகர மையத்தில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், பியானோ கலைஞர் ஜெரமி மொன்டெய்ரோ டபுள் பேஸ், டிரம்ஸ் கலைஞர்கள் இருவரோடு வாசித்த மூவர் குழுவைக் கேட்டபின் அந்தக் கருத்து இன்னும் உறுதிப்பட்டது.

அவரைப் பற்றி நம்மவர்களிடம் பேசும்போது பெயர் தெரியவில்லை என்பவர்களே அதிகம். ஆனால் 1990ஆம் ஆண்டுத் தேசிய தினத்திற்காக வந்த ‘ஒன் பீப்பிள், ஒன் நேஷன், ஒன் சிங்கப்பூர்’ பாடலைப் பாடாமல் இங்கே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர்? அதற்கு இசையமைத்தவர் அவர்தாம். 1960இல் இங்கே பிறந்த அவர், 1988இல் எல்டீ யங், ரெட் ஹோல்ட் என்ற இரு மூத்த அமெரிக்கக் கலைஞர்களுடன் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழாவில் வாசித்தார். 2002இல் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தைப் பெற்றார். இப்படிப்பட்ட ஒருவரை, அவருடைய விரல்களைப் பார்க்கும் தொலைவில் உட்கார்ந்து, இதே ஊரில் கேட்க முடிகிறது என்பதை நாம் போதிய அளவு உணரவில்லை.

சிறிய அறையில் அப்படி என்னதான் கேட்கிறது? முதலில் பியானோவே வேறொரு வாத்தியமாகிவிடுகிறது. ஒலிபெருக்கி வழியாக வரும்போது அது ஒரே திசையிலிருந்து வரும் வழவழப்பான ஒலி. பத்தடி தொலைவிலோ, கம்பளியால் போர்த்திய சுத்திகள் கம்பிகளைத் தொடும் மென்மையான தட்டலும், மிதியை அழுத்தும்போது அத்தனை கம்பிகளும் ஒருசேர விடுபட்டு எழுப்பும் மெல்லிய மூச்சும் காதில் விழுகின்றன. கறுப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு விரலைச் சறுக்கவிட்டு, காந்தாரச் சுரத்தின் இரு வகைகளான சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையில் எங்கோ நிற்பதுபோன்ற ஒரு மயக்கத்தை, ஜாஸின் வேர்களில் ஒன்றான ப்ளூஸ் இசையை வாசிப்பவர்கள் உண்டாக்குவார்கள். சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்திற்கு வழியே இல்லாத ஒரு வாத்தியத்தில் இதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்பதை இசைத்தட்டில் கேட்டு ஊகிக்கலாம். அருகில் இருந்தால் அந்தச் சறுக்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். அன்றிரவு வலப்பக்கத்து உச்சத்தில் அவர் மிக மெதுவாக இட்ட ஒற்றைச் சுரங்கள், பெரிய அரங்கில் கடைசி வரிசையைச் சென்றடைய வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், அவ்வளவு மெதுவாக வந்திருக்கவே மாட்டா.

அடுத்து, ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியே பின்தொடர்ந்து கேட்கும் பழக்கம் உள்ள தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு ஜாஸ் மூவர் குழு உடனே பிடித்துவிடும் என்று துணிந்து சொல்வேன். ஆனால் விரலால் மீட்டப்படும் டபுள் பேஸின் ஒலி இயல்பிலேயே அடங்கியது. பெரிய இசையரங்குகள், முழு வாத்தியக் குழுவின் ஒலி ஏறக்குறைய இரண்டு விநாடி நின்று அடங்கும்படி கட்டப்படுகின்றன. சிம்பொனிக்கு அது வரம். டிரம்ஸில் தாளத்தை நடத்திச்செல்லும் உலோகத் தகடான ரைடு சிம்பலின் ஒவ்வொரு தட்டும் முந்தைய தட்டின் எச்சத்தோடு கலந்துவிடுவதால் ஜாஸுக்கு அதுவே இடையூறு. சுமார் 1,600 பேர் அமரும் எஸ்பிளனேட் இசையரங்கில் எதிரொலியைக் குறைப்பதற்கென்றே திரைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கடைவீட்டு மாடியிலோ தாழ்ந்த கூரையும் நெருங்கி அமர்ந்திருக்கும் மனிதர்களுமே அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள். டிரம்ஸ் வாசித்தவர் பிரஷ்ஷால் தோலைத் தேய்த்த ஓசைகூட பேஸின் ஒலியை மறைக்காமல் தெளிவாகக் கேட்டது.

இந்த இசையின் வரலாறே சிறிய அறைகளில்தான் நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 1935இல் தொடங்கப்பட்ட வில்லேஜ் வேன்கார்டு ஒரு நிலவறை. அதில் 123 பேர்தான் அமர முடியும். பியானோ மூவர் குழு என்ற வடிவத்தையே மாற்றியமைத்ததாகப் போற்றப்படும் பில் எவன்ஸின் பதிவுகள் அங்கேதான், 1961 ஜூன் 25ஆம் நாள், ஒரே நாளில் எடுக்கப்பட்டன. அவற்றில் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் யாரோ சிரிப்பதும்கூடக் கேட்கின்றன. அங்கே பியானோவுக்கு இணையாகப் பேசிய பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ, அடுத்த பதினோராம் நாள் சாலை விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு வந்திருந்தவர்களை நினைக்கும்போதெல்லாம், நம் ஊரில் இன்று நடப்பதை நாளைக்கு என்று ஒத்திப்போடுவது எனக்குப் பொறுக்க முடியாததாகிவிடுகிறது.

ஜாஸ் தமக்குப் புரியாது என்று சொல்லும் கர்நாடக இசை ரசிகர்களிடம் நான் எப்போதும் வாதாடுவேன். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தின் கச்சேரிகளுக்கு வந்து, நிரவலில் ஒரே வரி எத்தனை விதமாக விரிகிறது என்று தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பவருக்கு இதில் என்ன புரியாமல் போகும்? ஜாஸில் பல பாட்டுகளுக்கு 32 அளவுகள் (ஓர் அளவுக்குப் பெரும்பாலும் நான்கு தட்டு) கொண்ட ஒரு சுற்று உண்டு. பெரும்பாலும் எட்டெட்டாக நான்கு பகுதிகள், அவற்றில் மூன்றாவது மட்டும் வேறு மெட்டில் அமையும். முதலில் மெட்டை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் அடியில் இருக்கும் கார்டுகளின் (chord, ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று புதிதாக மனோதர்மத்தில் கட்டுவார்கள். அந்தச் சுற்றை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கேட்டால் போதும், வாசல் திறந்துவிடும். முடிவுக்கு அருகில் பியானோவும் டிரம்ஸும் நான்கு நான்கு அளவுகளாக மாறி மாறி வாசிக்கும் கட்டம், மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தில் பங்கிட்டுக்கொள்வதற்கு வெகு அருகில் நிற்கிறது.

இந்தப் பரிமாற்றத்தைப் பார்ப்பதற்குத்தான் சிறிய அறை தேவை. டிரம்ஸ் கலைஞர் எதிர்பாராத இடத்தில் ஒரு அடியைத் தள்ளி வைத்தார். மொன்டெய்ரோ நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அடுத்த நான்கு அளவுகளில் அதே தள்ளலை இடக்கையில் எடுத்துக்கொண்டு, வலக்கையால் அதற்கு மேல் வேறொன்றைக் கட்டினார். பேஸ் வாசித்தவர் கண்ணை மூடியபடியே சிரித்தார். ஒத்திகையில் தீர்மானிக்கப்படாத ஒன்று மூவருக்கிடையே அந்த நொடியில் முடிவாவதை அங்கிருந்த எல்லோராலும் காண முடிந்தது. பெருந்திரை இதைக் காட்டாது. அதற்கான படப்பிடிப்பாளர் யார் முகத்தைக் காட்டுவது என்று முடிவு செய்வதற்குள் அது கடந்துபோயிருக்கும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பின்னால் இருந்த மேசையினர் முதல் பகுதி முழுவதும் வீட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேஸ் தனியாக வாசிக்கத் தொடங்கிய வேளையில், அதை இடைவேளை என்று எண்ணினார்களோ என்னவோ, குரல் இன்னும் உயர்ந்தது. ஜாஸ் மன்றத்தில் மயான அமைதி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நல்ல சொற்றொடருக்கு நாம் சபையில் சொல்வதுபோல் ‘பலே’ என்று சொல்லிவிடலாம், தனி வாசிப்பு முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டலாம், அதுதான் வழக்கமும்கூட. அந்த ஒலியெல்லாம் கேட்பதன் பகுதி. மூன்று கலைஞர்களின் உழைப்பைப் பின்னணி இரைச்சலாக்குவது அவமதிப்பு.

கட்டணம் அதிகம் என்ற முறையீட்டையும் அடிக்கடி கேட்கிறேன். நட்சத்திர இரவுகளுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுக்கத் தயங்காதவர்கள், இங்கே நுழைவுக்கட்டணத்துக்குத் தயங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. எழுபது நாற்காலி உள்ள இடத்தில், நகர மைய வாடகையும், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரின் கூலியும், மூன்று கலைஞர்களின் ஊதியமும் அந்த எழுபது பேரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். கொவிட்-19 காலத்தில் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் நேரடி இசை நீண்ட காலம் நின்றுபோயிருந்தது. 2022இல் அது திரும்பியபோது எல்லா மேடைகளும் திரும்பவில்லை. எஞ்சியிருப்பவை நாம் போனால்தான் நிற்கும். மது அருந்தாதவர்கள் கூச்சப்படத் தேவையில்லை. நான் எலுமிச்சைச் சாறு குடித்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். மேடையைப் பார்த்தபடி நின்றால் உங்கள் இடப்பக்கம் உள்ள நாற்காலியைப் பிடியுங்கள். பியானோவின் கட்டைகள் வழக்கமாக அந்தப் பக்கம்தான் இருக்கும், இரு கைகளும் தெரியும். இரண்டாவதாக, முதல் பகுதி முடிந்ததும் கடைசி ரயிலை எண்ணி எழுந்துவிடாதீர்கள். அன்று இடைவேளையில் பாதிப் பேர் போய்விட்டார்கள், வீட்டு விலை பேசியவர்களும் போய்விட்டார்கள்; கலைஞர்களின் கைகள் சூடேறி, அறையும் கேட்கத் தயாராகியிருந்த அந்த இரண்டாம் பகுதியில்தான் மொன்டெய்ரோ மெட்டை அறிவிக்காமலே நேராகக் கார்டுகளிலிருந்து ஒரு பாட்டைத் தொடங்கினார். அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சுற்றுகள் பிடித்தன. வாடகை வண்டிக்கான காசை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.